எஃப்-8 காலியான கதை

எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டர்களில் தொடுதிரை வரப்போகிறதாம். விசைப்பலகையே வேண்டாம், விரலால் தொட்டால் டிக்கெட் வந்துவிடும் என்கிறார்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இதை அறிவித்து, "முருகேசன் சாரின் ஆயுட்கால உழைப்புக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் என்னை நீக்காமல் வைத்திருக்கும் குழு அது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழேயே இன்னொருவர், சங்க மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். இரங்கலுக்கும் கட்டுரைக்கும் நடுவில் கைகூப்பும் படம் ஒன்று. எழுதாமல் எப்படி இருப்பது?

என் ஆயுட்கால உழைப்பு என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கப்பல் அலுவலகத்து கம்ப்யூட்டர் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் ஒரே வேலைக்கு ஒரே விசை என்று ஆக்கினேன். சிலர் பாலம் கட்டுகிறார்கள், சிலர் கலங்கரை விளக்கம் கட்டுகிறார்கள். நான் சேமிக்க கன்ட்ரோல்-எஸ், அச்சடிக்க கன்ட்ரோல்-பி என்று கட்டினேன். அது உலகம் முழுக்க இருக்கிறதே என்பீர்கள். உலகம் முழுக்க இருந்தது. எங்கள் அலுவலகத்தில் இல்லை.

படிப்பு, பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஹேடோ துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். நான் அபர்தீன் பஜாரில் டைப்ரைட்டிங் கற்று, அஞ்சல் வழியில் ஒரு டிப்ளமா வாங்கி, டேட்டா என்ட்ரி ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அங்கிருந்த ஒரே புரோகிராமர் விடுப்பில் மெயின்லேண்ட் போனார். திரும்பவில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். என் பதவி உயர்வு அப்படி நடந்தது.

அப்போது எங்களிடம் மூன்று புரோகிராம்கள். டிக்கெட் விற்பதற்கு ஒன்று, சென்னைக் கம்பெனி செய்தது. கப்பல் அணையும் ஜெட்டியில் பயணிகளைச் சரிபார்த்து ஏற்றி, கேப்டனுக்குப் பட்டியல் எடுத்துக் கொடுக்க இன்னொன்று, கொல்கத்தாக் கம்பெனி செய்தது. ஹேடோவில் சரக்குக்கு மூன்றாவது. அதை எழுதியவர்தான் மேற்படி திரும்பி வராதவர். அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்தில் இதனால் பெரிய தொல்லை இல்லை. டிக்கெட்காரர் டிக்கெட்டிலேயே இருந்து டிக்கெட்டிலேயே ஓய்வு பெறுவார். ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் விண்டோஸ் வந்த பிறகு மூன்றும் ஒரே திரையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தன. ஒரே சாம்பல் நிறம், ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி 'ஓகே'. பார்ப்பதற்கு உடன்பிறப்புகள், உள்ளே பேச்சுவார்த்தை கிடையாது. டிக்கெட்டில் சேமிக்க எஃப்-10. பட்டியலில் எஃப்-10 என்றால் சேமிக்காமல் வெளியேறு. சரக்கில் சேமிக்க எஃப்-2, அதே எஃப்-2 டிக்கெட்டில் பயணியின் பெயரை அழிக்கும். மேலதிகாரிகள் கோப்பு அனுப்ப நான்காவதாக ஒன்று வந்தது. அது இந்த மூன்றையும் மதிக்கவில்லை.

மவுஸ் இருக்கிறதே என்பவர்கள், நான்கவுரிக் கப்பலுக்கு டிக்கெட் திறக்கும் நாளில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்ததில்லை. எதிரே கம்பிக்கு வெளியே ஊரே நிற்கும்போது மவுஸைப் பிடித்து அம்புக்குறியைத் தேடுகிறவனை மக்கள் ஹிந்தியில், வங்காளத்தில், தெலுங்கில், தமிழில் வாழ்த்துவார்கள். எங்கள் ஆபரேட்டர்கள் மவுஸைக் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தார்கள்.

விசைப்பலகைகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. கடல் காற்றில் அவை சீக்கிரம் செத்துவிடும். புதியவை கப்பலில் வரும். ஒருமுறை வந்தவற்றில் டெலீட் விசைக்கு நேர் மேலே பவர் விசை இருந்தது. ஒரு எழுத்தை அழிக்கப் போனவர்கள் கம்ப்யூட்டரையே அணைத்தார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு கவுண்டர் கவுண்டராகப் போய் அந்த விசைகளைப் பிடுங்கினேன். என் மேஜை இழுப்பறை கொஞ்ச காலம் பல் டாக்டருடையது மாதிரி இருந்தது.

பிடுங்கப் போன இடத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். "சேமிக்க எதை அழுத்துவீங்க?" என்று கேட்டால் யாராலும் வாயால் பதில் சொல்ல முடியவில்லை. கையை மேஜைமேல் வைத்து, காற்றில் ஒருமுறை அடித்து, விரல் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்து, பிறகுதான் சொன்னார்கள். விசை தலையில் இல்லை, கையில் இருந்தது. ஆளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றும்போது தலைக்கு உத்தரவு போகும், கைக்குப் போகாது. இதை ஒரு குறிப்பாக எழுதி, எல்லாப் புரோகிராம்களுக்கும் ஒரே விசைகள் வேண்டும் என்று மேலதிகாரி பிஸ்வாஸ் சாரிடம் கொண்டு போனேன்.

பிஸ்வாஸ் சார் டிக்லிபூரில் குடியேறிய வங்காளக் குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கோப்பையும் அவர் படிக்க மாட்டார். நாம் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு பத்தியைத் தாண்டியவர்கள் உண்டு. வலது கண் மட்டும் திறக்கும். அவர்கள் திரும்பிப் போய் அந்தப் பத்தியை வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் எல்லாக் கோப்புக்கும் ஒரே கேள்வி: "ஜஹாஸ் ருகேகா க்யா?" இதைச் செய்யாவிட்டால் கப்பல் நிற்குமா? நிற்காது என்றால் கோப்பு அவருக்கு இடது பக்கக் குவியலுக்குப் போகும். மின்விசிறி பழுது, என் சம்பள உயர்வு, கழிவறைக் கதவு எல்லாம் அங்கேதான் இருந்தன.

நான் நிறையக் கதை படிக்கிறவன். அலுவலகக் குறிப்பு எழுதுவதற்கு அது பெரிய இடைஞ்சல். விரல்களின் ஞாபகம் பற்றி உருக்கமாக ஒரு பத்தி வைத்திருந்தேன். அங்கே இரண்டு கண்ணும் திறந்தன.

"முருகேசன் பாபு, விரலுக்கு ஞாபகம் இருக்கட்டும். ஜஹாஸ் ருகேகா க்யா?"

"இப்போதைக்கு நிற்காது ஸார்."

இடது பக்கம்.

கடைசியில் கப்பலை நிறுத்தியது பரமேஸ்வரி அக்கா. மின்னி பேயில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். எங்கள் டிக்கெட் கவுண்டரிலேயே வேகமான கை அவருடையது. ஜெட்டி மேஜைக்காரர் காய்ச்சலில் படுத்ததால் அன்று அவரை அங்கே அனுப்பினார்கள். ஹட் பே ஊருக்குப் போகும் கப்பல். வரிசையில் ஒரு கல்யாணக் கோஷ்டி. டிக்கெட் எண்ணைத் தட்டி, பெயரைப் பார்த்து, என்டர் அடித்தால் பயணி ஏறியதாகப் பதிவாகும். அவ்வளவுதான் வேலை.

இப்போது எஃப்-8 பற்றிச் சொல்ல வேண்டும். டிக்கெட் புரோகிராமில் எஃப்-8 என்றால் 'அச்சடி, அடுத்த ஆள்'. அடித்ததும் 'நிச்சயமா?' என்று ஒரு பெட்டி கேட்கும், என்டர் அடித்துப் பதில் சொல்ல வேண்டும். அக்காவின் கையில் இரண்டும் சேர்ந்து ஒரே அசைவாக ஆகிவிட்டிருந்தது. கொல்கத்தாப் புரோகிராமில் எஃப்-8 என்றால் 'பட்டியலை மூடு, கப்பல் புறப்படலாம்'. அதுவும் 'நிச்சயமா?' என்று கேட்கும். கேட்டது. விரல் பதில் சொல்லிவிட்டது.

பட்டியல் மூடியதும் கேப்டனுக்கு அச்சாகிப் போய்விடும். அதன் பிறகு ஒருவரையும் ஏற்ற முடியாது. திறக்க பிஸ்வாஸ் சாரின் பாஸ்வேர்ட் வேண்டும். அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார்; போன் சத்தமில்லாமல் பைக்குள் இருந்தது. மாப்பிள்ளையும் சமையல்காரரும் கப்பலில். மாப்பிள்ளையின் அப்பாவும், மொத்தப் பெண் வீடும், பெண்ணும் ஜெட்டியில். அப்பா பெரிய கான்ட்ராக்டர். பாஸ்வேர்ட் வரும்வரை, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, அவர் அக்காவின் மேஜைக்கு முன்னால் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது. சங்க மலர் வீட்டில் குழந்தைகளும் படிப்பது.

கல்யாணம் நடந்துவிட்டது. கான்ட்ராக்டரின் புகாரும் நடந்து மேலே போனது. அக்காவுக்கு மெமோ வந்தது: கவனக்குறைவு. நிரூபணமானால் கேம்பல் பேக்கு மாற்றல். வரைபடத்தில் இந்தியா முடிகிற இடம் அது. கணவர் ஹேடோ பட்டறையில், மகள் பன்னிரண்டாம் வகுப்பில்.

அக்கா என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"முருகேசு, நெஜத்தைச் சொல்லு. நான் தூங்கிட்டா இருந்தேன்?"

"இல்லக்கா."

"பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி நடந்துக்கிட்டேனா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்குடா எனக்கு கேம்பல் பே? அந்த மெஷின் ரெண்டையும் அனுப்பு. கப்பல்ல நானே ஏத்தி விடறேன்."

விசாரணை பிஸ்வாஸ் சார் அறையில். அவர், அக்கா, நான், குறிப்பெடுக்க ஒரு குமாஸ்தா. நான் தொழில்நுட்பக் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று: இயந்திரப் பிழையா, மனிதப் பிழையா? எனக்குச் சங்கடம். புரோகிராம் எழுதியபடியே நடந்தது. அக்கா பழகியபடியே நடந்தார். இரண்டுமே பிழை செய்யவில்லை. அதைச் சொன்னேன்.

"அப்படியென்றால் கல்யாணப் பெண்ணை யார் ஜெட்டியில் விட்டது? நானா?" என்றார் பிஸ்வாஸ் சார், கண்ணை மூடியபடியே.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி. மேலதிகாரிகளின் கோப்புப் புரோகிராமில் கன்ட்ரோல்-எஸ் என்றால் சேமி அல்ல, 'மேலே அனுப்பு'. ஒருநாள் பிஸ்வாஸ் சார், துறைச் செயலாளரின் யோசனை ஒன்றைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 'யோசனை மிகச் சிறந்தது, ஆனால்' என்பது வரை எழுதியிருந்தார். கடிதம் அடிக்கும்போது பழகிய விரல், வழக்கம்போல் சேமித்து வைப்போம் என்று போனது. 'ஆனால்' என்ற சொல்லோடு கோப்பு செயலாளரின் திரைக்குப் போய்ச் சேர்ந்தது. செயலாளர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நான் சர்வரிலிருந்து அதைத் திரும்ப இழுத்தேன். அதை அறிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்.

விசாரணையில் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை; நான் மிரட்டினேன் என்று பின்னால் சிலர் கதை கட்டினார்கள். நான் கேட்டது ஒரே ஒரு தொழில்நுட்பக் கேள்வி.

"ஸார், உங்க கோப்புப் புரோகிராம்ல கன்ட்ரோல்-எஸ் அடிச்சா என்ன ஆகும்?"

வலது கண் திறந்தது. குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இடது கண்ணும் திறந்தது. மின்விசிறி ஓடாத அந்த அறையில் வெளியே ஜெட்டியில் யாரோ யாரையோ திட்டுவது தெளிவாகக் கேட்டது.

"இந்தக் கேள்வியைக் குறிப்பில் எழுத வேண்டாம்" என்றார் குமாஸ்தாவிடம்.

பிறகு இடது பக்கக் குவியலிலிருந்து என் பழைய கோப்பைத் தானே உருவினார். அவர் தீர்ப்பை அவர் சொன்னபடியே தமிழில் தருகிறேன்: "குற்றம் விசையுடையது என்கிறாய். அந்த அம்மாவின் கையுடையது என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். சரி. விசையை மாற்று, கையை மாற்றாதே. மாற்றி முடித்து முதல் கப்பல் புறப்படும் நாளில் அதே அம்மா அதே மேஜையில் உட்காரட்டும். ஒழுங்காகப் போனால் குற்றம் விசையுடையது, மெமோ ரத்து. மறுபடி கோளாறு வந்தால் கையுடையது, கேம்பல் பே."

வெளியே வந்ததும் அக்கா என்மேல் பாய்ந்தார். "என்னை வெச்சு எலி பரீட்சை பண்றீங்களா ரெண்டு பேரும்? நான் அந்த மேஜையத் தொட மாட்டேன். முடியாதுன்னா முடியாது, நஹி மத்லப் நஹி!"

"தொடலைன்னா மெமோ நிக்கும்க்கா."

"உனக்கென்ன, நீ சொல்லுவ. உன் பொண்ணா பன்னண்டாவது படிக்குது?"

வேலையைத் தொடங்கினேன்.

சென்னைக் கம்பெனி, "யூசர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்" என்றது. கொல்கத்தாக் கம்பெனி, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றது. நல்லவேளை, இரண்டு கம்பெனிகளும் விசைகளை மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தன. வைத்ததை அவையே மறந்திருந்தன. சரக்குப் புரோகிராமுக்குள் நானே இறங்கினேன். திரும்பி வராதவரை அன்று முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

தொழில்நுட்பம் சுலபம். ஆட்கள்தான் கஷ்டம். பிரிவுக்கு ஒருவரை அழைத்துக் கூட்டம் போட்டேன். சரக்குப் பிரிவின் தாமஸ், கொல்லத்துக்காரர், எழுந்து நின்றார்.

"எஃப்-2ஐ எடுத்தால் ஞான் எவிடெ போகும் ஸாரே? கல்யாணத்துக்கு முன்னாடியே அது என் கூட இருக்கு."

"பொண்டாட்டிக்கு முன்னாடியேவா?" என்றார் அக்கா.

"அதே. ஒரு நாள் கூட எதிர்த்துப் பேசியதில்லா."

மூன்று கூட்டம் இப்படிப் போனது. கடைசியில் ஒரு முறைக்கு வந்தோம். உலகம் முழுக்க ஒன்றாக இருப்பவற்றை நாம் தொடுவதில்லை. கன்ட்ரோல்-எஸ் எங்கேயும் சேமிக்கும், கோப்பிலும்தான். மேலே அனுப்ப மெனுவுக்குள் போக வேண்டும். நம் வேலைக்கு மட்டுமே உரியவை மேல் வரிசை எஃப் விசைகளில் இருக்கும், எல்லாப் புரோகிராமிலும் ஒரே பொருளில். செய்தபின் திருப்ப முடியாத எதற்கும் தனி விசை கிடையாது. 'நிச்சயமா?' பெட்டியை நம்புவதில்லை. விரல் அதையும் கற்றுக்கொள்ளும். பட்டியலை மூட வேண்டுமா? கப்பலின் பெயரை முழுதாக டைப் செய். அது சோம்பேறித்தனமாகச் செய்ய முடியாத வேலை.

மிச்சம் இருந்தது எஃப்-8. அதில்தான் எனக்கு உண்மையான சிக்கல். டிக்கெட்காரர்கள், எல்லாவற்றிலும் அதை 'அச்சடி' ஆக்கு என்றார்கள்; கவுண்டரில் ஆள் அதிகம், அவர்கள் கை ஜெயிக்கட்டும். நியாயம்தான். ஆனால் ஜெட்டிக்காரர்களின் கை அதை 'மூடு' என்று படித்திருக்கிறது. அவர்கள் மூடியதாக நினைத்து எழுந்து போவார்கள். பட்டியல் திறந்தே கிடக்கும். கப்பலில் யார் இருக்கிறார்கள் என்று கேப்டனுக்குத் தெரியாது. மாற்றி, 'மூடு' என்று வைத்தால் மறுபடி ஒரு பெண் ஜெட்டியில் நிற்பாள். புதிதாக ஏதாவது ஒரு வேலை கொடுத்தால் இரண்டு தரப்புக் கையும் தெரியாமல் அதைச் செய்யும். யோசித்து யோசித்து, யாருக்கும் தர வேண்டாம் என்று முடிவு செய்தேன். எஃப்-8 எந்தப் புரோகிராமிலும் எதுவும் செய்யாது. ஒலி கூட எழுப்பாது.

"நல்ல ஒரு விசையை வெறுதே வேஸ்ட் பண்றதா?" என்றார் தாமஸ். எஃப்-2ஐ இழந்தவரின் வயிற்றெரிச்சல் அவர் குரலில் இருந்தது.

"இந்த விசை வேலை செய்யாதுன்னு ஒரு பெட்டி காட்டலாமே" என்றார் இன்னொருவர்.

"பெட்டி வந்தா என்டர் அடிப்பாங்க. ஒண்ணுமே வேண்டாம்" என்றேன்.

மாற்றிய பிறகு முதல் கப்பல் மறுபடி ஹட் பேக்கே வாய்த்தது. கல்யாணம் இல்லை, ஆனால் விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டம், கோழிக்குஞ்சுக் கூடைகள், ஒரு ஃபிரிட்ஜ். அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, போகாமல் கேட்டருகே நின்றார். நான் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"பின்னாடி நிக்காத முருகேசு. எமன் மாதிரி இருக்கு."

பக்கவாட்டில் நின்றேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு விசையையும் பார்த்துப் பார்த்து அழுத்தினார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "மேடம், ஜல்தி கரோ, கப்பல் இங்கேயே ரிட்டயர் ஆகிடும்" என்றது ஒரு குரல். அக்கா பார்க்காமல் அடிக்கத் தொடங்கினார். கை தன் வேகத்துக்கு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேகம் வந்ததும் பழைய பழக்கமும் வந்தது.

நான் பார்த்தேன். ஒரு கிழவரின் டிக்கெட்டைப் பதிந்ததும் விரல் மேலே போய் எஃப்-8ஐ அடித்து, கீழே வந்து என்டரை அடித்தது. ஒரே அசைவு. அக்காவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிழவரின் பெயர் அங்கேயே இருந்தது. அடுத்த எண்ணுக்கான இடம் காலியாகக் காத்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் ஆகலக்கா."

"நான் அடிச்சேன்டா."

"பார்த்தேன். ஒண்ணும் ஆகாது. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

இத்தனை வருட வேலையில் என் சாதனை என்று காட்டக்கூடியது அந்தக் கணம்தான். ஒரு விசையை அழுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இதை ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பில் போடுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று அவர் விரல் இன்னும் சில தடவை அங்கே போனது. கடைசி ஆளும், ஃபிரிட்ஜும் ஏறிய பிறகு, கப்பலின் பெயரை எழுத்து எழுத்தாக டைப் செய்து பட்டியலை மூடினார். அச்சான தாளை கேப்டனின் ஆள் வாங்கிப் போனார். ஏணி எடுத்தார்கள். கப்பல் நகர்ந்தது. நான் பிஸ்வாஸ் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டிருப்பார். பிறகு, "மெமோவை ரத்து செய்து இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், அந்த அம்மாவிடம் சொல்" என்றார்.

சொன்னேன். கணவர் கேட்டருகிலிருந்தே கையால் என்னவென்று கேட்டார். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. விசைப்பலகையை அருகே இழுத்தார். ஆள்காட்டி விரலால் எஃப்-8ஐ அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு கையை மடக்கி, முட்டியால் ஓங்கி ஒன்று வைத்தார்.

"அக்கா, கவர்மென்ட் சொத்து. பாவம், அது ஒண்ணுமே பண்ணலையே."

"நானும்தான் ஒண்ணும் பண்ணலை. இத்தனை நாள் அடி வாங்கலையா?" என்று இன்னொன்று வைத்தார்.